க்ஷயரோகியை வீட்டில் வைத்துக் குணப்படுத்தும் முறை

(கிராம வாசகசாலைகளிலும் முதியோர் வகுப்புகளிலும் உரக்கப் படித்துக் கேட்டறிதற்குரிய பாடம்)

திருச்செந்தூரைச் சுற்றிலும், வடக்கே புன்னைக்காயல், காயல்பட்டணம் முதல் தெற்கே குலசேகரன்பட்டணம், மணப்பாடு வரையிலும் கடலோரத்தில் வாழ்வோரிற் பலர் மீன்பிடித்து ஜீவிக்கின்றனர். ஆறுமுகநேரிப் பக்கத்தில் உப்பளங்களில் உழைப்போர் உளர். உள்நாட்டில் தேரியைச் சார்ந்த ஊர்களில் பனையேறுதலும் கருப்பட்டி காய்ச்சுதலும் பரம்பரைத் தொழில்களாம். இத்தொழில்கள் யாவும் தேகபலத்தையே மூலதனமாகக் கொண்டவை. ஆதலால் இக்குடும்பங்களில் சம்பாதிக்கும் ஒருவர் நோயில் விழுந்தால் அடுப்பெரிவதே சிரமமாகிவிடுகிறது. அந்நோய் நீண்ட நாள் சிகிச்சை வேண்டும் க்ஷயரோகமாயிருப்பின், “இவரை எங்கே கொண்டுபோய் வைப்பது? எவ்விதம் காப்பாற்றுவது?” என்று வீட்டார் திகைக்கின்றனர். அவ்வாறு திகைப்போருக்கு இப்பாடம் எழுதப்படுகிறது.

க்ஷயரோகம் என்று முன்னோர் கூறியதும், காசநோய் என்று ஆஸ்பத்திரிகளில் எழுதுவதும், டி.பி. என்று ஜனங்கள் வழங்குவதும் ஒன்றே. இந்நோய் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துகொண்டு முற்றிலும் குணப்படுத்தத்தக்கது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மருந்தைக் குறித்த காலம் முடியும் வரையில், ஒரு நாளும் விடாமல் உட்கொள்ள வேண்டும். இந்த நிபந்தனையை நிறைவேற்றுவது நோயாளி ஒருவரால் மட்டும் ஆவதன்று. வீடு முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியமாகும்.

1. நோயின் இயல்பு

இந்நோயை உண்டாக்குவது கண்ணுக்குப் புலப்படாத ஒரு நுண்ணிய கிருமி. ஜெர்மனி தேசத்து வைத்தியர் ராபர்ட் கோக் என்பவர் இதனைக் கண்டறிந்து, 1882-ம் வருஷம் மார்ச் மாதம் 24-ந் தேதி உலகுக்கு அறிவித்தார். சுவாசப்பையில் நோயுடையவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமிகள் காற்றில் கலக்கின்றன. அக்காற்றை நெடுநேரம் சுவாசிப்பவரை அவை பற்றுகின்றன. அவ்வாறு பற்றப்பட்ட எல்லோரும் நோயாளிகளாகிவிடுவதில்லை. தேகபலமுள்ளவரிடத்தில் கிருமி அடங்கிக் கிடக்கும். ஆகாரக் குறைவினாலோ, நீரிழிவினாலோ, மது புகையிலைப் பழக்கங்களினாலோ, எச்.ஐ.வி. தொற்றினாலோ தேகம் தளரும்போது அது தலையெடுக்கும்.

இது பாவத்தினாலோ, செய்வினையினாலோ, பரம்பரையினாலோ வருவதன்று. நோயாளி உண்ட தட்டினாலும், உடுத்த துணியினாலும், தொட்ட கையினாலும் பரவுவதும் அன்று.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைநேரக் காய்ச்சல், இரவில் வியர்த்தல், பசியின்மை, எடை குறைதல், சளியில் இரத்தம் காணுதல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று காணப்படினும் தாமதியாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று சளியைச் சோதிக்கச் செய்ய வேண்டும். சோதனைக்கும் மருந்துக்கும் அங்கே கட்டணம் இல்லை.

2. சென்னையில் நடந்த பரீக்ஷை

வீட்டுச் சிகிச்சை என்றவுடன் பலர் நம்பிக்கை கொள்ளுவதில்லை. “சானடோரியத்தில் சேர்த்தால்தானே பிழைக்கலாம்? நல்ல காற்று வேண்டாமா? பாலும் முட்டையும் வேண்டாமா? மாதக்கணக்காகப் படுத்திருக்க வேண்டாமா?” என்று கேட்கின்றனர். இக்கேள்விகளுக்கு நம்முடைய ராஜதானி நகரமாகிய சென்னையிலேயே விடை காணப்பட்டது. அவ்வரலாற்றை ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நலம்.

முற்காலத்தில் இந்நோய்க்கு நேரான மருந்து இல்லை. ஓய்வு, சுத்தமான காற்று, புஷ்டியான ஆகாரம் என்னும் மூன்றையே வைத்தியர்கள் நம்பியிருந்தனர். அதற்காகவே சானடோரியங்கள் ஏற்பட்டன. டாக்டர் சவரி முத்து என்பவர் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928-ல் நிறுவியது அவற்றுள் ஒன்று. ஆனால் தேசத்தில் நோயாளிகளோ லக்ஷக்கணக்கினர். படுக்கைகளோ சில ஆயிரங்களே. இடம் கிடைக்காமலே இறந்தோர் மிகப் பலர்.

1952-ல் ஐசோநியாசிட் என்னும் மருந்து வழக்கத்துக்கு வந்தது. அதன் விலை குறைவு, வாயினாலேயே உட்கொள்ளத்தக்கது. அப்போது ஒரு பெரிய கேள்வி எழுந்தது. இம்மருந்தை ஏழை நோயாளிகளுக்கு அவர்கள் வீட்டிலேயே கொடுத்தால் என்ன? இதனை ஆராய்வதற்காக இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தை ஏற்படுத்தின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பவர் அதில் தலைமை வகித்து ஆராய்ச்சியை நடத்தினார்.

சென்னை நகரின் ஏழை ஜனங்களிலிருந்து வந்த நோயாளிகள் இரண்டு வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். யார் எந்த வகுப்பில் சேருவது என்பதை வைத்தியர்கள் தம் இஷ்டப்படி நிச்சயிக்கவில்லை. சீட்டுப் போட்டெடுப்பது போன்ற முறையினால் அது நிச்சயிக்கப்பட்டது. ஒரு வகுப்பார் சானடோரியத்தில் ஓராண்டு தங்கி, ஓய்வும் நல்ல ஆகாரமும் தாதியர் பணிவிடையும் பெற்றனர். மற்றொரு வகுப்பார் தங்கள் நெருக்கமான வீடுகளிலேயே இருந்து, கிடைத்ததை உண்டு, நிலையத்திலிருந்து மருந்தைப் பெற்று உட்கொண்டனர். இரு வகுப்பாருக்கும் மருந்து ஒன்றே. வீட்டிலிருந்தோர் மருந்தைச் சரியாக உட்கொள்ளுகின்றனரா என்பதை அறிய, முன்னறிவிப்பின்றி அவர்கள் வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணியும், சிறுநீரைச் சோதித்தும் பார்த்தனர்.

இதன் முடிவுகள் 1959-ல் வெளியாயின. ஓராண்டின் இறுதியில், சானடோரியத்தில் இருந்தவருள் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவருள் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தோருக்கு ஆகாரம் குறைவு, ஓய்வு குறைவு, இடம் குறைவு. அவ்வளவு குறைவுகள் இருந்தும் பலனில் இருந்த வித்தியாசம் இவ்வளவே. பின்னர் ஐந்து ஆண்டுகள் இவர்களையும் இவர்கள் குடும்பத்தாரையும் கவனித்து வந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவரோடு வாழ்ந்த குடும்பத்தாரிடையே, சானடோரியத்துக்குச் சென்றவரின் குடும்பத்தாரைக் காட்டிலும் நோய் அதிகமாகக் காணப்படவில்லை.

இதற்குக் காரணம் யாதெனில், குடும்பத்தாருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னுள்ள காலத்திலேயே. ஏற்ற மருந்து தொடங்கிய பின், தொற்றும் சக்தி சில வாரங்களுக்குள் பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆதலால் நோயாளியை வீட்டைவிட்டு நீக்குவதனால் அன்று, சீக்கிரத்தில் மருந்தைத் தொடங்குவதனாலேயே குடும்பம் பாதுகாக்கப்படுகிறது.

இப்பரீக்ஷையின் பயனாக உலகமெங்கும் வீட்டுச் சிகிச்சை முறை பரவிற்று. சேத்துப்பட்டு நிலையம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் இன்றும் நடந்து வருகிறது.

3. இரண்டாம் மாதத்து அபாயம்

இக்காலத்தில் சாதாரணமாகச் சிகிச்சை ஆறு மாதம் நடைபெறுகிறது. முதல் இரண்டு மாதங்களில் ஐசோநியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எதாம்புடால் என்னும் நான்கு மருந்துகளும், பின்னர் நான்கு மாதங்களில் பைரசினமைட் நீங்கலாக மற்ற மூன்றும் தினந்தோறும் கொடுக்கப்படுகின்றன. நோயாளியின் எடையைப் பொறுத்து மாத்திரைகளின் எண்ணிக்கை மாறும். நோய் தாக்கிய இடத்தையும் கிருமியின் தன்மையையும் பொறுத்து வைத்தியர் காலத்தை நீட்டவும் கூடும்.

இதில் மிக அபாயமான காலம் எது என்று கேட்டால், நோய் கடுமையாயிருக்கும் முதல் வாரம் என்றே பலரும் சொல்லுவர். உண்மையில் சுகம் கண்டுவிட்டதாகத் தோன்றும் இரண்டாம் மாதமே பெரும் அபாயமானது. இதனை ஓர் உதாரணத்தினால் விளக்குவோம்.

ஆலந்தலையில் ஒரு மீனவர் இருப்பதாகக் கொள்வோம். மூன்று மாதம் இருமி, எடை குறைந்து, வலை இழுக்கச் சக்தியற்றுப் போய், பின் ஆஸ்பத்திரிக்குச் சென்று மருந்து தொடங்குகிறார். மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் நிற்கிறது. ஆறாம் வாரத்தில் இருமல் அடங்கி, பசி எடுக்கிறது. அச்சமயம் பார்த்துக் கடலில் மீன் நன்றாகப் படுகிறது. “தம்பி, உடம்புதான் தேறிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு? வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டத்தானே செய்கிறது” என்று மூத்தவர் ஒருவர் சொல்லுகிறார். மனைவியும், வீட்டில் அரிசி இல்லாததை எண்ணி, வாய் திறவாதிருக்கிறாள். அவரும் மாத்திரைகளைப் பரணில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறார்.

அப்பொழுது அவர் சுவாசப்பையில் நடப்பது யாது? வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே மடிந்துவிட்டன. அதனாலேயே காய்ச்சலும் இருமலும் நின்றன. ஆனால் மெதுவாகப் பெருகுபவையும், உறங்கிக் கிடப்பவையும் எஞ்சியிருக்கின்றன. அவற்றைக் கொல்லுவதற்காகவே மற்ற மாதங்கள் வைக்கப்பட்டுள்ளன. மருந்து நின்றதும் எஞ்சியவை மறுபடியும் பெருகுகின்றன. நினைத்த நாளில் விழுங்கி நினைத்த நாளில் விடுவாராயின், அம்மருந்துக்கு மடியாத கிருமிகள் மட்டும் தப்பிப் பிழைத்து வளர்கின்றன. அதன்பின் பழைய மாத்திரைகள் பயன்படா. வேறு கடுமையான மருந்துகளை இன்னும் கஷ்டப்பட்டு உட்கொள்ள நேரிடும். அவர் இருமுவதனால் குழந்தைகளைப் பற்றும் கிருமியும் மருந்துக்கு அடங்காததாகவே இருக்கும்.

களையை மேலாகக் கிள்ளிவிட்டு வேரை விட்டுவைத்தால், அடுத்த மழையில் அது முன்னிலும் செழித்துத் தழைப்பதைப் பயிரிடுவோர் அறிவர். இதுவும் அத்தகையதே.

4. மருந்துத் துணைவர்

ஆகையால் ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டில் ஒரு மருந்துத் துணைவர் அமைதல் வேண்டும். மனைவியோ, தாயோ, வளர்ந்த மகனோ மகளோ, அண்டை வீட்டாரோ, கிராம சுகாதார ஊழியரோ அப்பொறுப்பை ஏற்கலாம். அவர் செய்ய வேண்டியவை:

(1) நாள்தோறும் ஒரே நேரத்தில், தம் கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்தல். காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்ளுவது உத்தமம். குமட்டல் மிகுதியாயிருப்பின் சிறிது ஆகாரத்துக்குப்பின் கொடுக்கலாமா என்று வைத்தியரைக் கேட்டு அவ்வாறு செய்க; அதற்காக மருந்தை நிறுத்தற்க.

(2) சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அன்றன்று ஒரு குறியிடுதல். வெற்று அட்டைகளை எறிந்துவிடாமல் ஒரு டப்பியில் சேர்த்து, ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது கொண்டுபோய்க் காட்டுதல்.

(3) ஒருவேளை மறந்துபோனால், அன்றே நினைவு வந்தவுடன் கொடுத்தல். ஒரு நாள் முற்றும் தவறிப்போனால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கலாகாது. வழக்கமான அளவையே கொடுத்து, தவறிய செய்தியைச் சுகாதார ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

(4) மருந்து தீருவதற்கு ஒரு வாரம் முன்னரே மறு மருந்து வாங்கி வைத்தல்.

(5) இரண்டாம் மாத முடிவிலும் சிகிச்சை முடிவிலும் சளிச் சோதனைக்குத் தவறாமல் அழைத்துச் செல்லுதல். குணமாயிற்றா என்பதை இருமல் நின்றதைக் கொண்டு நிச்சயிக்கலாகாது. சோதனையைக் கொண்டே வைத்தியர் நிச்சயிப்பார். சிகிச்சை முடிந்தபின்னும் இரண்டு ஆண்டுவரையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி வருதல் வேண்டும்.

கொல்லம் முதலிய மேற்குக்கரைத் துறைகளுக்குத் தொழிலுக்காகச் செல்வோர், புறப்படுமுன் ஆஸ்பத்திரியில் தெரிவித்தால், செல்லும் ஊரிலேயே மருந்து பெறுவதற்கு ஏற்பாடு செய்துகொடுப்பார்கள். படகில் பல நாள் தங்குவோர் மாத்திரைகளை உப்புநீர் புகாத மூடியுள்ள டப்பியில் எடுத்துச் செல்லக் கடவர்.

5. மருந்தினால் உண்டாகும் மாறுதல்கள்

மருந்தை நிறுத்திவிடுவோரில் பலர் பயத்தினாலேயே நிறுத்துகின்றனர். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டுவதில்லை என்பதை முன்னரே அறிந்திருப்பின் இக்கேடு நேராது.

பயப்பட வேண்டாதவை: ரிபாம்பிசினால் சிறுநீரும், சில சமயம் வியர்வையும் கண்ணீரும் செம்மஞ்சள் நிறமாகும். இது இரத்தமன்று, மருந்தின் நிறமே. சிறிது குமட்டல், மூட்டுவலி, அரிப்பு ஆகியவற்றையும் வைத்தியரிடம் சொன்னால் தணிக்க வழி உண்டு. கைகால் மரத்தலும் எரிதலும் ஐசோநியாசிடினால் உண்டாகலாம். பிரிடாக்ஸின் என்னும் வைட்டமின் மாத்திரையினால் இதனைத் தடுக்கலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டியவை: கண்ணின் வெண்மை மஞ்சளாதல், ஓயாத வாந்தி, வலது விலாவின் கீழே வலி ஆகியவை கல்லீரல் கெடுவதன் அடையாளங்கள். பார்வை மங்குதலும், சிவப்பு பச்சை நிறங்கள் வேறுபாடு தெரியாதிருத்தலும் எதாம்புடாலினால் உண்டாகலாம். உடல் முழுதும் தடிப்பும் முகவீக்கமும் ஒவ்வாமையைக் குறிக்கும். இவை காணின் அடுத்த வேளை மருந்தைக் கொடாமல் அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். மஞ்சட்காமாலை என்று எண்ணி, பச்சிலை அரைத்துக் கொடுத்துவிட்டு மாத்திரைகளையும் தொடர்ந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து விளையும்.

மதுபானம் கல்லீரலுக்கு இரட்டைக் கேடு. சிகிச்சைக் காலத்தில் அறவே கூடாது. கர்ப்பத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்கள், ரிபாம்பிசின் அதன் சக்தியைக் குறைத்துவிடும் என்பதை அறிந்து, வேறு முறை யாதென வைத்தியரிடமோ செவிலியரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். வேறு எந்த வியாதிக்கு மருந்து உட்கொண்டாலும், நாட்டு மருந்தாயினும், அதனையும் சொல்லுதல் அவசியம்.

6. மீன் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை

கடற்கரைவாசிகள் விசேஷமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஐசோநியாசிட் உட்கொள்ளும் சிலர் சூரை மீனை உண்ட சிறிது நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, உடம்பில் சூடு பரவித் துன்புறுவதுண்டு. இலங்கையில் டாக்டர் உரகொட என்பவர் க்ஷயரோகிகளிடத்தில் இதனைக் கவனித்து, 1970-களின் இறுதியை ஒட்டி எழுதி வெளியிட்டார். இதன் காரணம் இதுதான்: சூரை போன்ற மீன்கள் பிடிபட்டபின் குளிர்ச்சியில் வைக்கப்படாவிடில் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் மிகுதியாகிறது. நம் உடம்பு அதனைச் சிதைத்துவிடக்கூடியதாயினும், ஐசோநியாசிட் அச்சக்தியைக் குறைத்துவிடுகிறது. இப்பொருள் சமைப்பதனால் அழிவதில்லை. ஆகவே குழம்பு நன்றாகக் கொதித்ததென்று தைரியம் கொள்ளலாகாது.

இதனை மருந்தின் குற்றமென்று எண்ணிப் பலர் மருந்தையே விட்டுவிடக்கூடும். விட வேண்டியது மருந்தன்று. சூரை மீனும், அதனை உலர்த்திச் செய்யும் மாசியுமே. அயிலை, சாளை, நெத்திலி ஆகியவற்றை அன்று பிடித்துக் கெடாதிருந்தால் மட்டும் உண்ணலாம். விளமீன், கிழங்கான், காரல் முதலியவற்றைப் புதிதாக வாங்கிச் சமைத்து உண்பதில் இவ்விதப் பயம் குறைவு. மீனையே விலக்கிப் பத்தியம் இருப்பதோ நோயாளிக்குக் கேடாகும். மீன் இக்கரையில் எளிதிற் கிடைக்கும் புஷ்டியான ஆகாரம் அல்லவா?

7. ஆகாரம்

ஆகாரம் குறைந்திருந்தும் மருந்தினால் நோய் அடங்கிற்று என்று சென்னைப் பரீக்ஷை காட்டியதை முன்னர்க் கண்டோம். அதனால் ஆகாரம் வேண்டியதில்லை என்று கொள்ளலாகாது. 2019 முதல் 2022 வரையில் ஜார்க்கண்ட் மாகாணத்தில் மற்றொரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. நோயாளிகளின் குடும்பத்தாரில் ஒரு பகுதியாருக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் வைட்டமின்களும் கொடுக்கப்பட்டன. அவ்விதம் பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் காணுதல் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. மேலும், நோயாளிகளுள் முதல் இரண்டு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை ஏறியவர்களிடத்தில், அதாவது 40 கிலோ இருந்தவர் 42 கிலோவானால், மரண அபாயம் நூற்றுக்கு 61 பங்கு குறைவாகக் காணப்பட்டது. இம்முடிவுகள் 2023-ல் வெளியாயின.

ஆகவே மருந்து கிருமியைக் கொல்லுகிறது, ஆகாரம் நோயாளியைத் தாங்குகிறது, குடும்பத்தாரையும் காக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

இதற்கு விலையுயர்ந்த டப்பாக் கஞ்சிகள் தேவையில்லை. சோற்றுடன் பருப்பு, பாசிப்பயறு, உளுந்தங்களி, வேர்க்கடலை, முட்டை, புதிய மீன், முருங்கைக்கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தாற் போதும். பசியற்றவருக்குச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுப்பது நலம். நோயாளிக்குக் கொடுத்துவிட்டுத் தாயும் குழந்தைகளும் பட்டினி கிடத்தல் தகாது. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். நீரிழிவு உள்ளதா என்று எல்லா நோயாளிகளும் சோதித்துக்கொள்ளுதல் அவசியம். அது உள்ளவர்கள் உடன்குடிக் கருப்பட்டியாயினும் இனிப்பு என்பதை மறத்தலாகாது.

சிகிச்சைக் காலத்தில் ஆகாரச் செலவுக்காக மத்திய அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பாங்கிக் கணக்கு விவரத்தைச் சுகாதார ஊழியரிடம் கொடுத்து இதனைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

8. வீடும் குடும்பத்தாரும்

நோயாளி இருமும்போது வாயைத் துணியினால் மூடிக்கொள்ள வேண்டும். முதல் சில வாரங்களில் முகக்கவசம் அணிதலும், காற்றோட்டமுள்ள இடத்தில், கூடுமாயின் தனியே, படுத்தலும் நலம். சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். கடற்காற்று வீட்டுக்குள் புகுந்து வெளியேறுமாயின் கிருமிகளும் அதனோடு போம். சன்னலற்ற ஓலைக்குடிசையாயின் பகலில் திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ இருக்கலாம். சளியைக் கண்டவிடத்தில் துப்பாமல், மூடியுள்ள டப்பியில் துப்பி, பின் எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும்.

தனித் தட்டு, தனிப் பாய், தனிக் குடிசை என்று ஒதுக்குதல் வேண்டாம். தாய்மார் மருந்து உட்கொண்டுகொண்டே, வாயை மூடிக்கொண்டு, குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். நோயுற்ற மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவது சிலவிடங்களில் வழக்கமாயிருக்கிறது. அதனால் மருந்து தடைப்படுவதும் மனம் உடைவதுமே பலன்.

வீட்டிலுள்ள எல்லோரும், விசேஷமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், ஆஸ்பத்திரியில் சோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் இல்லையென்று கண்டால், வராமற் காக்கும் மருந்து கொடுக்கப்படும். அதனையும் முடியும் வரையில் உட்கொள்ள வேண்டும்.

9. வேலையும் விரதமும்

பலம் திரும்பியபின் இலேசான வேலைகளைச் செய்யலாம். எப்போது தொடங்குவது என்பதை வைத்தியரே கூற வேண்டும். வலை பின்னுதல், மீன் தரம் பிரித்தல் போன்றவை முதலிலும், பனையேறுதலும் வலை இழுத்தலும் பின்னரும் ஆகலாம். சங்கு குளிப்போர் சிகிச்சை முடிந்தபின்னும் வைத்தியரின் அனுமதியின்றி முங்குதல் கூடாது. நோயினால் பழுதுபட்ட சுவாசப்பை ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்காமற் போகலாம்.

ஐப்பசியில் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருப்போர் பலர். நோயாளி அவ்வருஷம் கடும் விரதத்தை மேற்கொள்ளாதிருத்தல் நலம். எவ்வாறாயினும் மாத்திரையை நீருடன் உட்கொள்ளுவதை விடலாகாது. ரமலானில் நோன்பிருக்க விரும்புவோர், நோயாளிக்கு விலக்கு உண்டு என்பதை நினைவிற் கொள்ளுக. இருப்பதாயின் மருந்து வேளையை விடியலுக்கு முன்னோ நோன்பு திறந்தபின்னோ மாற்றிக்கொள்ளுவது பற்றி வைத்தியரைக் கேட்க வேண்டும். தவக்காலத்தில் மாமிசம் விலக்குவோர் பருப்பு வகைகளை மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பன்னீர் இலை விபூதியைத் தரித்து, செந்திலாண்டவனை வேண்டிக்கொண்டு மாத்திரையை விழுங்குவோருக்கு மனத்தைரியம் உண்டாகும். விபூதி கிடைத்ததென்று மாத்திரையை விடுவதே தவறு.

10. அபாய சமயங்கள்

சளியுடன் மிகுதியாக இரத்தம் வருதல், மூச்சுத் திணறல், நினைவு தடுமாறுதல், கடும் தலைவலியுடன் வாந்தி, மேற்கூறிய மஞ்சள் நிறம் ஆகியவை காணின் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருத்தல் கூடாது. 108 என்னும் எண்ணுக்குத் தெரிவித்து வண்டி வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மிக மெலிந்து எழுந்து நிற்கவும் சக்தியற்றவர்களையும் முதலில் ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தேற்றி, பின் வீட்டுக்குக் கொண்டுவருதலே முறை. வீட்டுச் சிகிச்சை என்பது ஆஸ்பத்திரியைத் துறப்பதன்று. அதன் மருந்தை வீட்டிலிருந்து ஒழுங்காக உட்கொள்ளுவதேயாம்.

முடிவுரை

ஆலந்தலை மீனவரை மறுபடியும் நினைப்போம். ஆறாம் வாரத்தில் அவர் மாத்திரையைப் பரணில் வைக்கப்போகும் சமயம், மனைவி நாட்காட்டியைக் காட்டி, “இன்னும் பதினெட்டு வாரம் இருக்கிறது, கடல் எங்கும் போய்விடாது” என்று சொல்லுவாளாயின், அந்தச் சொல் அவருயிரைக் காக்கும். அவள் அவ்வாறு சொல்லுவதற்கு, வீட்டில் அரிசி இருத்தல் வேண்டும். அதற்கு அண்டை அயலாரும், சங்கமும், பஞ்சாயத்தும் உதவ முன்வர வேண்டும். ஒரு நோயாளியின் வீட்டுக்குச் செய்யும் இவ்வுதவி தர்மம் மட்டுமன்று. அத்தெருவின் குழந்தைகள் யாவருக்கும் செய்யும் பாதுகாப்புமாகும்.

கேள்விகள்

1. சென்னைப் பரீக்ஷையில் இரு வகுப்பாருக்கும் பொதுவாயிருந்தது யாது? வேறுபட்டவை எவை?

2. இருமல் நின்றபின்னும் மருந்தை ஏன் தொடர வேண்டும்?

3. சிறுநீர் சிவத்தலுக்கும் கண் மஞ்சளாதலுக்கும் உள்ள வேறுபாடு என்ன? ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டுவது யாது?

4. ஐசோநியாசிட் உட்கொள்ளுவோர் சூரை மீனையும் மாசியையும் ஏன் விலக்க வேண்டும்?

5. உங்கள் ஊரில் ஒரு நோயாளியின் குடும்பத்துக்கு ஆறு மாதம் உதவ வேண்டுமானால், யார் யார் எதைச் செய்யக்கூடும்? ஒரு பட்டியல் எழுதுக.